அம்மாவின் கைப்பிடி எத்தனை கிராம்

எங்கள் வீட்டு பார்பிக்யூ சாஸ் முதன்முதலில் காசுக்குக் கைமாறியது ஒரு கேண்டீன் டேயில். 2019-இல், மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளிக்கு நிதி திரட்டப் பெற்றோர்களை ஆளுக்கொரு கடை போடச் சொன்னார்கள். நாசி லெமாக், மீ கோரேங், ஐஸ் காச்சாங் எல்லாம் சட்டென்று போய்விட்டன. கையைத் தூக்கத் தாமதித்த எங்களுக்கு மிஞ்சியது சுட்ட கோழி. மச்சானிடம் டிரம்மைப் பாதியாக வெட்டிச் செய்த அடுப்பு இருந்தது. கரி இரண்டு மூட்டை வாங்கினோம். கோழிக்குப் பூச அம்மா ஒரு சட்டி சாஸ் காய்ச்சிக் கொடுத்தார்.

பதினொரு மணிக்குள் கோழி முடிந்துவிட்டது. கூப்பனோடு நின்றவர்களைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு டீச்சர், "கோழி இல்லாட்டி பரவால்ல, அந்தச் சாஸ மட்டும் ரெண்டு வெள்ளிக்கு புங்குஸ் பண்ணிக் குடுங்க" என்றார். இங்கே வெள்ளி என்றால் ரிங்கிட், புங்குஸ் என்றால் பொட்டலம் கட்டுவது. ஐஸ் தண்ணீர் கட்டும் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தோம். பின்னால் நின்ற ஆறு பேரும் அதையே கேட்டார்கள்.

அந்தப் பையிலிருந்து ஒழுங்கான போத்தலுக்கு வந்து சேர ஒன்றரை வருடம் ஆனது. வழியில் என்னென்ன கெட்டது, எதை எப்படிச் சரிசெய்தோம் என்பதை எழுதி வைக்கிறேன். சாஸின் பெயரைச் சொல்லப் போவதில்லை, சொன்னால் விளம்பரம் ஆகிவிடும். நான் மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். எதைச் செய்தாலும் தொகுதி எண் போட்டுக் குறித்து வைப்பது வேலை கொடுத்த பழக்கம். வீட்டில் அதற்குக் கிண்டலும் உண்டு.

சாஸ் வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா பதினேழு வயதில் ஜார்ஜ்டவுனில் ஹைனானியர் (சீனாவின் ஹைனான் தீவுக்காரர்) நடத்திய ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் பாத்திரம் கழுவப் போனார். வெள்ளைக்காரர் வீடுகளில் சமையல்காரர்களாக இருந்த ஹைனானியர்கள் பிறகு சொந்தமாகக் கடை போட்டபோது சிக்கன் சாப், இன்ச்சே காபின் எல்லாம் அவர்களோடு கடைக்கு வந்தன. இன்ச்சே காபின் என்றால் பொரித்த கோழி. அதற்குத் தொட்டுக்கொள்ளும் சாறு ஊஸ்டர்ஷையர் சாஸை வைத்துக் கலப்பது. இங்கே அதை எல்லோரும் 'லீ பெரின்ஸ்' என்றுதான் சொல்வார்கள். அந்த மணம் அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் சீமைப் போத்தல் வாங்கும் அளவுக்குச் சம்பளம் இல்லை. வீட்டில் இருந்த புளி, சுக்கா என்கிற வினிகர், கெட்டி கிச்சாப் என்கிற சோயா சாஸ், குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லம், பூண்டு என்று சேர்த்துச் சேர்த்து அந்த மணத்தைத் தேடியிருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு அதில் தக்காளி சேர்ந்தது. அப்பா தீபாவளிக்கு மறுநாள் வாசலில் கோழி சுட ஆரம்பித்த பிறகு மிளகாயும் புகையும் சேர்ந்தன.

பல வருடம் கழித்து அந்தச் சீமைப் போத்தலின் லேபிளை நான் படித்தேன். சுக்கா, மொலாசஸ், நெத்திலி வகை மீன் என்று வந்த வரிசையில் புளியும் இருந்தது. 1837 முதல் இங்கிலாந்தில் விற்கிற சரக்கு. அம்மாவிடம் காட்டினேன். "பின்ன? புளி இல்லாம அந்த வாசம் எப்படி வரும்?" என்றார். ஆச்சரியப்பட்டவன் நான் மட்டும்தான்.

கெச்சப் என்ற சொல்லே இந்தப் பக்கத்துச் சரக்குதான் என்கிறார்கள். ஹொக்கியன் என்கிற சீன மொழியில் மீன் ஊறிய உப்புச்சாற்றுக்கு இருந்த பெயர் கப்பலேறிப் போய், அங்கே தக்காளியைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. நம் கிச்சாப்பும் அதே சொல்தான். எங்கள் சட்டியில் இரண்டும் சேர்ந்தே வேகின்றன.

சரி, வேலைக்கு வருவோம்.

கேண்டீன் டே முடிந்த இரண்டாவது வாரம் 24 போத்தலுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். பேக்கரிச் சாமான் விற்கும் கடையில் அழுத்திப் பிழியும் பிளாஸ்டிக் போத்தல்கள் வாங்கினோம். அம்மா இரண்டு சட்டி காய்ச்சினார். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் போத்தல் இளகிக் கோணுகிறது. முதல் போத்தலே இடுப்பொடிந்த மாதிரி சாய்ந்துவிட்டது. அந்த வகைப் பிளாஸ்டிக் 70 டிகிரிக்கு மேல் போனால் தளர ஆரம்பிக்கும். அதனால் விரல் வைத்தால் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு ஊற்றினோம். நான் செய்த பெரிய தப்பு இதுதான். தப்பு என்றே அன்றைக்குத் தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் இரவு டீச்சரிடமிருந்து போன். புங்குஸ் கேட்ட அதே டீச்சர்.

"அங்கிள், உங்க சாஸ் வெடிச்சிருச்சு."

போய்ப் பார்த்தேன். அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வைத்திருந்த போத்தல் உப்பி, மூடி தெறித்திருந்தது. கூரைத் தகட்டில் ஒரு கறுப்பு நட்சத்திரம். ஜன்னலில் புதிதாகத் தொங்கவிட்ட வெள்ளைத் திரைச்சீலையில் மேலிருந்து கீழ்வரை கோடு. டீச்சர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் சங்கடம். நாற்காலியில் ஏறி நானே கூரையைத் துடைத்தேன். திரையை வீட்டுக்கு எடுத்து வந்து மூன்று முறை துவைத்தும் கறை போகாமல் புதுத் திரை வாங்கிக் கொடுத்தோம். மறுநாள் மற்ற எல்லோருக்கும் போன் போட்டு, திறக்காதீர்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிப் பதினேழு போத்தல்களைத் திரும்ப வாங்கினோம். எல்லாமே கொஞ்சமாவது உப்பியிருந்தன. ஒன்றைப் பின்குசினித் தொட்டியில் மெதுவாகத் திறந்தேன். சோடா போல 'ஸ்ஸ்' என்றது. மோந்து பார்த்தால் கள்ளு வாசம்.

அம்மா ஒரு வாரம் பேசவில்லை. வீட்டில் காய்ச்சி இருபது வருடமாக ஒன்றும் ஆனதில்லை என்பது அவர் கட்சி. ஆனால் வீட்டில் சாஸ் ஃப்ரிட்ஜில் இருந்தது, நான்கு நாளில் தீர்ந்தும் போனது. விற்ற போத்தலோ 32 டிகிரி வெயிலில், காரின் பின்பெட்டியில், அடுப்பு மேடையில் நாள் கணக்காக உட்கார்ந்திருந்தது.

எது புளித்தது என்று தேடினேன். புளிப்பான சரக்கு கெடாது என்று நான் நம்பியிருந்தது பாதிதான் சரி. புளிப்பைக் காட்டும் எண் பி.எச்., அது குறையக் குறையப் புளிப்பு அதிகம். உணவின் பி.எச். 4.6-க்குக் கீழே இருந்தால், ஆளையே கொல்லக்கூடிய பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமி அதில் வளராது. அது உண்மை. ஆனால் ஈஸ்டுக்கு அந்தப் புளிப்பு ஒரு பொருட்டே இல்லை. புளிப்பும் சர்க்கரையும் சேர்ந்த இடம் அதற்கு விருந்து. காற்றிலும் கழுவின போத்தலின் ஈரத்திலும் அது இருக்கும். ஆறின சாஸில் விழுந்தால் சர்க்கரையைத் தின்று வாயுவை விடும், மூடிய போத்தலில் வாயுவுக்குப் போக இடமில்லை. நான் ஆறவிட்டு ஊற்றியதன் மூலம் அதற்குப் பாய் விரித்துக் கொடுத்திருக்கிறேன்.

சோடியம் பென்சோவேட் போட்டால் அடங்கும், சட்டமும் அனுமதிக்கிறது. கடைச் சாஸ்கள் பலவற்றில் இருப்பதுதான். எனக்கு அதில் மறுப்பில்லை. அம்மாவுக்கு இருந்தது. அதனால் சூட்டால் சமாளிப்பது என்று முடிவானது.

பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு, அகல வாயும் தகர மூடியும் உள்ள 250 மில்லி கண்ணாடிப் போத்தலுக்கு மாறினோம். போத்தலை வெந்நீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, சூடு ஆறாமல் கவிழ்த்து வைக்க வேண்டும். குளிர்ந்த கண்ணாடியில் கொதிக்கும் சாஸ் விழுந்தால் அடி கழன்றுவிடும். எனக்கு இரண்டு கழன்றது. சாஸ் 85 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும்போதே ஊற்றி, மூடி போட்டு, உடனே தலைகீழாகக் கவிழ்த்து மூன்று நிமிடம் வைக்க வேண்டும். மூடியின் உள்பக்கமும் கழுத்தும் சாஸின் சூட்டிலேயே வேகும். பிறகு நிமிர்த்திவிட்டால், ஆறும்போது உள்ளே காற்றுக் குறைந்து மூடியின் நடு 'டக்' என்று உள்ளே போகும்.

இதில் என்னைக் கொஞ்ச நாள் ஏமாற்றியது கடைசி இரண்டு மூன்று போத்தல்கள். முதல் போத்தல் ஊற்றும்போது 91 டிகிரி. பத்தாவது ஊற்றும்போது சட்டியில் மிச்சம் கொஞ்சம்தான், மேலே காற்று, தெர்மாமீட்டர் 78 காட்டியது. ஒரு தொகுதியில் முதலில் ஊற்றியவை நன்றாக இருக்க, கடைசியில் ஊற்றியவை மட்டும் உப்பியது இதனால்தான். அடுப்பைச் சிறுதீயில் வைத்துக்கொண்டே ஊற்றுவது, ஐந்து போத்தலுக்கு ஒருமுறை சூடு பார்ப்பது என்று மாற்றியதும் நின்றது.

இப்போது ஊற்றி முடித்த இரவுகளில் அம்மா குசினிக் கதவோரம் நாற்காலி போட்டுக்கொண்டு 'டக்' எண்ணுவார். ஒரு தொகுதிக்கு 14 போத்தல், சில நாள் 15. எண்ணிக்கை குறைந்தால் எது என்று மூடியை அழுத்திப் பார்த்து, அதை வீட்டுக்கு எடுத்துக்கொள்வோம்.

புளிப்பை அளக்க முதலில் வாங்கியது நிறம் மாறும் காகிதப் பட்டை. கறுப்புச் சாஸில் முக்கினால் பட்டை சாஸ் நிறத்துக்கு மாறுகிறது, அவ்வளவுதான். அடுத்து பேனா மாதிரி இருக்கும் பி.எச். மீட்டர். கூடவே 4.01, 6.86 என்று இரண்டு பொடிப் பொட்டலம் வரும். வடிநீரில் கரைத்து, அளக்கும் முன் மீட்டரை அதில் முக்கிச் சரிபார்க்க வேண்டும். சாஸை அறைச் சூட்டுக்கு ஆறவைத்துத்தான் அளக்க வேண்டும். முனையைக் காயவிடக் கூடாது. நான் துடைத்துப் பத்திரமாக டிராயரில் வைத்தேன். மூன்று வாரத்தில் தக்காளியும் சோப்புத் தண்ணீரும் ஒரே எண்ணைக் காட்டின. இரண்டாவது பேனாவின் மூடிக்குள் அதற்குரிய உப்புக் கரைசல் எப்போதும் இருக்கும்.

2020 மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை இல்லை, எங்கள் ஆலையிலும் ஆள் குறைத்து வேலை. அம்மாவின் அளவை எடுக்க அப்போதுதான் நேரம் கிடைத்தது.

அம்மாவிடம் அளவு கேட்டுப் பிரயோசனம் இல்லை. "புளி ஒரு எலுமிச்சங்காய் அளவு." எந்த எலுமிச்சை? "உப்பு போடற அளவுக்குப் போடு." அதனால் கேட்பதை விட்டுவிட்டு, உப்பு ஜாடி, புளி டப்பா, குலா மலாக்கா தட்டு எல்லாவற்றையும் அவர் எடுக்கும் முன் ஒருமுறை, எடுத்த பின் ஒருமுறை நிறுத்து வித்தியாசத்தைக் குறித்தேன். கேட்டால் கை தயங்கும், தயங்கினால் அளவு மாறும். இரண்டு ஞாயிறு தெரியாமல் ஓடியது. மூன்றாவது ஞாயிறு மாட்டிக்கொண்டேன்.

"டேய், என்ன பண்ற?"

"உப்பு எவ்வளவு எடுத்தீங்கன்னு பாக்கறேம்மா."

"அப்ப என் கையவே வெட்டித் தராசுல வை லா."

மனைவி அடுப்புக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். அன்றைக்குச் சாஸில் உப்பு கூடிவிட்டது. குறிப்பேட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் 'கோபம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஐந்து கிலோ தக்காளிக்கு ஐந்து ஞாயிறு எடுத்த எண்கள் இவை. உப்பு 58, 61, 60, 57, 62 கிராம். கை என்றால் இதுதான் கை, எங்கள் ஆலையின் சில இயந்திரங்களே இவ்வளவு ஒழுங்கு இல்லை. குலா மலாக்காவும் 900 கிராமை ஒட்டியே நின்றது. ஆனால் புளி? 150, 210, 175, 165, 240. இது என்ன தாறுமாறு என்று நினைத்தேன். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, புளியில் மட்டும் கணிப்புத் தவறுகிறது என்று மனைவியிடம் சொல்லவும் செய்தேன்.

அவள்தான் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டி, "அந்த 240 அன்னிக்கு என்ன தக்காளி?" என்று கேட்டாள்.

வழக்கமான கேமரன் மலைத் தக்காளி கிடைக்காமல் வேறு கடையில் வாங்கியது. கொழகொழவென்று பழுத்திருந்தது. தக்காளி பழுக்கப் பழுக்கப் புளிப்புக் குறையும். 150 போட்ட அன்றைக்குக் காய் பதம், கடுக்கென்று இருந்தது. ஐந்து தொகுதியின் பி.எச். எண்களையும் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். எல்லாம் 3.7-க்கும் 3.8-க்கும் நடுவில். புளியைக் கரைத்து ஊற்றும்போது அம்மா கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைப்பார், கொஞ்சம் ஊற்றுவார், திரும்பவும் வைப்பார். நான் நிறுத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவரும் அளந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

அதனால் எங்கள் செய்முறைத் தாளில் புளிக்கு கிராம் கிடையாது. மற்றதெல்லாம் எண். புளிக்கு மட்டும் 'பி.எச். 3.8-க்குக் கீழ் வரும் வரை, 150-இல் தொடங்கு' என்று இருக்கிறது. நான் காய்ச்சினால் மீட்டர், அம்மா காய்ச்சினால் நாக்கு, பிறகு மீட்டர்.

பதமும் அப்படித்தான். அம்மா சட்டியைப் பார்ப்பதைவிடக் கேட்பது அதிகம். ஆரம்பத்தில் கொதி சலசலவென்று ஓடும். பாதி வற்றியதும் குமிழ் பெரிதாகி 'பொத்... பொத்' என்று கனமாக உடையும், கையில் தெறித்துச் சுடும். அப்போது ஒரு சொட்டை ஆறின பீங்கான் தட்டில் விட்டுச் சாய்ப்பார். சொட்டைச் சுற்றித் தண்ணீர் வளையம் பிரிந்தால் இன்னும் ஆகவில்லை. இதை எண்ணாக்க, சர்க்கரை அளக்கும் கண்ணாடிக்குழல் ஒன்று வாங்கினேன். வந்த பிறகுதான் அது 32 வரைக்கும் மட்டும் காட்டும், பழச்சாற்றுக்கானது என்று தெரிந்தது. எங்கள் சாஸ் வைத்தால் கோடே தெரியவில்லை. 80 வரை காட்டுவதை மறுபடி வாங்கினேன். சாஸை மெல்லிய துணியில் பிழிந்து, ஆறவைத்து, ஒரு சொட்டு வைத்தால் தெளிவாகத் தெரிகிறது. அம்மா 'போதும்' என்ற ஐந்து தடவையும் 35-க்கும் 37-க்கும் நடுவில். எடைக்கணக்கில் எட்டுக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே ஆரம்பிக்கும் சட்டி நாலேகால் கிலோவில் நிற்கும்.

அதே சமயம் பாலிக் பூலாவில் இருந்து ஜாதிக்காய் வந்து சேர்ந்தது. பினாங்கில் ஜாதிக்காய் கும்பெனியார் காலத்துச் சரக்கு, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மொலுக்கத் தீவுகளில் இருந்து கொண்டுவந்து நட்டது. கொட்டையும் பத்திரியும் மருந்துக்கும் மசாலைக்கும் போகும். மேலே இருக்கும் சதையை இங்கே ஊறுகாயாகவும் சாறாகவும் விற்பார்கள். நண்பர் ஒருவர் தோட்டத்தில் இருந்து ஒரு பை கொடுத்தார். சதையைத் துருவி 250 கிராம் போட்டேன். இயல்பான புளிப்பு, மணம், அதோடு சாஸுக்கு ஒரு பிடிப்பும் வந்தது. "ஜாதிக்கா வயித்து வலிக்கு. கோழிக்கு எவன் போடுவான்?" என்றார் அம்மா. சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு, "அந்தக் காய் இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

அமெரிக்காவில் இந்தச் சாஸுக்கு ஊருக்கு ஊர் கட்சி உண்டு என்று அந்த நாட்களில்தான் படித்தேன். கரோலினாப் பக்கம் சுக்காவும் மிளகாயும் போட்ட தண்ணிச் சாறு, தென் கரோலினாவின் ஒரு பகுதியில் கடுகு, அலபாமாவில் மயோனைஸ் போட்ட வெள்ளைச் சாஸ், கன்சாஸ் சிட்டியில் தக்காளியும் மொலாசஸும் சேர்ந்த கெட்டிச் சாஸ். குலா மலாக்காவை மொலாசஸ் இடத்தில் வைத்துப் பார்த்தால் நாங்கள் கன்சாஸ் கட்சி. அந்த ஊரில் குழந்தைகள் மனநல மருத்துவர் ஒருவர் 1970-களில் வீட்டில் கலக்கிய சாஸைப் போத்தலில் விற்க ஆரம்பித்து, 1986-இல் பெரிய கரிக் கம்பெனிக்கு விற்றிருக்கிறார். இதை மனைவியிடம் சொன்னேன். "அவரு டாக்டர். நீங்க முதல்ல அந்தக் கூரை கறைக்கு வழி சொல்லுங்க" என்றாள். எங்கள் வீட்டுக் கூரையிலும் ஒரு நட்சத்திரம் உண்டு, அது வேறு கதை.

2020 தீபாவளிக்கு 50 போத்தலுக்கு மேல் ஆர்டர். கல்யாணச் சமையல்காரர் ஒருவரிடம் உயரமான அண்டா இரவல் வாங்கி, இருபது கிலோ தக்காளியை ஒரேயடியாகப் போட்டேன். எல்லாவற்றையும் நான்கால் பெருக்கினால் சரி என்று நினைத்தேன். குறிப்பேட்டில் உள்ளபடியே தருகிறேன்:

'தொகுதி 19. மணி 9.10 கொதி. 11.00 இன்னும் தண்ணி. 1.00 தண்ணி. 2.30 நிறம் மட்டும் கறுக்கிறது. 3.15 அடிவாசம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டார். கசப்பு. எல்லாம் கொட்டியாச்சு.'

தண்ணீர் மேற்பரப்பில் இருந்துதான் ஆவியாகும். சாஸ் நான்கு மடங்கானபோது அண்டாவின் வாய் நான்கு மடங்கு ஆகவில்லை. ஒன்றேமுக்கால் மணி நேர வேலை ஆறு மணி நேரம் இழுத்தது. அவ்வளவு நேரமும் குலா மலாக்கா அடியில் உட்கார்ந்து கருகியது. இப்போது அண்டா இல்லை. இரண்டு அகலமான குவாலி (வாணலி), இரண்டு கேஸ் தோங் (சிலிண்டர்), ஒன்றில் ஐந்து கிலோ தக்காளிக்கு மேல் கிடையாது. வற்ற வேண்டியதில் முக்கால் பங்கு வற்றிய பிறகுதான் சர்க்கரை விழும். கிண்ட, டோடோல் என்கிற இனிப்பைக் கிண்டும் தட்டையான மரத்துடுப்பு. கரண்டியின் வளைவு அடியில் எல்லா இடத்தையும் தொடாது, துடுப்பின் நேர்விளிம்பு சுரண்டிக்கொண்டே போகும். புகைக்கு மட்டும் குறுக்குவழி இல்லை. தக்காளியையும் வெங்காயத்தையும் டிரம் அடுப்பில், கரிமேல் கொட்டாங்கச்சி போட்டு, தோல் கருகும்வரை சுட்டுத்தான் அரைக்கிறோம். கரி கோலா செப்பெத்தாங்கில் இருந்து வரும் பாக்காவ் என்கிற சதுப்புநில மரத்தின் கரி. பொறி தெறிக்காது, சூடு நிற்கும்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம்: இதைப் பச்சைக் கோழியில் பூசி அடுப்பில் வைக்காதீர்கள். இவ்வளவு சர்க்கரை கரிச்சூட்டில் ஐந்து நிமிடம் தாங்காது, உள்ளே வேகும் முன் வெளியே கரியாகும். உப்பும் மஞ்சளும் போட்டு வேகவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் செரை என்கிற எலுமிச்சம்புல் தண்டின் அடியை நசுக்கித் தூரிகையாக்கி இரண்டு தடவை பூசினால் போதும்.

காகித வேலை நான் பயந்த அளவுக்கு இல்லை. தொழில் பெயர் வைத்துப் பதிவு செய்ய வருடத்துக்கு 60 வெள்ளி, சொந்தப் பெயர் என்றால் 30. சமைக்கும் இடத்தைச் சுகாதார அமைச்சில் பதிய வேண்டும். சமைப்பவர்களுக்கு டைபாய்டு ஊசியும் உணவு கையாளுவோர் வகுப்பும் உண்டு. அம்மாவும் மனைவியும் ஒன்றாகப் போனார்கள். கைகழுவுவது எப்படி என்ற பாடம் முடிந்ததும், "அம்பது வருசம் பாத்திரம் கழுவினவள உக்கார வச்சு சொல்லிக் குடுக்கறாங்க" என்று அம்மா வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாராம். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பவரும் அவர்தான்.

லேபிளில்தான் தாமதம். மலாயில் இருக்க வேண்டும். எடை அதிகமானது முதலில் வரும்படி பொருள்களை வரிசைப்படுத்த வேண்டும். தக்காளிக்கு அடுத்து குலா மலாக்கா வந்ததைப் பார்த்து, "இவ்வளவு சீனியா?" என்று அம்மாவே கேட்டார். எங்கள் அடுப்படியில் பன்றியும் இல்லை, மாடும் இல்லை. ஆனாலும் சான்றிதழ் வாங்காமல் 'ஹலால்' என்ற சொல்லை அச்சடிக்கக் கூடாது. மலாய்க்காரத் தோழிகள் கேட்டால், இன்னும் வாங்கவில்லை என்று நேராகச் சொல்லிவிடுகிறோம்.

காசுக் கணக்கு: சரக்கு ஒரு போத்தலுக்கு மூன்று வெள்ளி நாற்பது காசு, கண்ணாடியும் மூடியும் ஒன்றரை வெள்ளி, லேபிள், கேஸ், கரி சேர்த்து ஒரு வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. விற்பது 12 வெள்ளி. தங்கச்சி கோலாலம்பூரில் இருந்து கணக்குப் பார்த்துவிட்டு, "அம்மா சம்பளம் எங்க?" என்று கேட்டாள். அதை எழுதினால் லாபக் கோடு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். இப்போது ஒரு போத்தலுக்கு இரண்டு வெள்ளி அம்மா பெயரில் தனி டின்னில் விழுகிறது. அவர் அதை எடுத்துப் பேத்திக்குச் செலவழிக்கிறார், அதற்கு எந்தத் தாளிலும் கட்டம் இல்லை.

போன மாதம் புதுத் தொல்லை. வழக்கமாக வாங்கும் குலா மலாக்காவில் ஒரு கட்டியை உடைத்து அம்மா மோந்து பார்த்தார். "இதுல சீனி கலந்திருக்கு" என்று தள்ளி வைத்துவிட்டார். கலப்படம் சகஜம்தான், கரும்புச் சர்க்கரை மலிவு. என் கண்ணாடிக்குழலில் வைத்தால் பழையதும் புதியதும் ஒரே எண். கரைத்துப் பார்த்தேன், நிறம் கொஞ்சம் வெளுப்பு, அதுவும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இருந்தும் ஒரு குவாலி காய்ச்சிப் பார்த்தோம். புளிப்பு சரி, பதம் சரி, பதினாலு 'டக்'கும் கேட்டது. கோழியில் பூசிச் சுட்டபோது வழக்கமாக வரும் அந்தக் கருக்கல் மணம் மட்டும் வரவில்லை. மகள்கூட, "இது கடை சாஸ் மாதிரி இருக்கு" என்றாள்.

அந்தத் தொகுதியை விற்கவில்லை. வேறு மூன்று இடத்துக் கட்டிகளை வாங்கி, எது எங்கே வாங்கியது என்று ஒட்டி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அம்மாவின் கண்ணைக் கட்டி மோந்து பார்க்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன். கண்ணைக் கட்டும் விஷயத்தை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.